தகரத்தில் இடித்த முழங்கை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. பிள்ளைக்காம்பராவைத் திறந்தேன், பெருக்கினேன், தொட்டில் சேலைகளை உதறிக் கட்டினேன். தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தார்கள்.

உடப்புசல்லாவைப் பக்கமிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிட்ட கொழுந்துச் சாக்கை அன்றும் கழற்றாமலே பிள்ளையை எடுத்தாள். கழற்றி மாட்டுவதற்குள் கங்காணி கத்துவாராம். முன்னால் பிள்ளை, பின்னால் கொழுந்து, நடுவில் பாவப்பட்ட ஒரு கழுத்து. தோள்பட்டையும் மேல்முதுகும் வலித்து, கையைத் தூக்கித் தலை வாரக்கூட அவளால் முடியவில்லை. மாமியார் பால்மாவும் போத்தலும் வாங்கி வைத்துவிட்டார். ஐந்து மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்த அவளுக்கு மனமில்லை.

நுவரெலியா கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ் வழி சொல்லியிருந்தார். பிள்ளையை நோக்கிக் குனியக் கூடாது. மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்புக்கு உயர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முழங்கைகளை மெதுவாகப் பின்னால் அழுத்தி விட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் மிஸ் லயத்துக் காம்பராவைப் பார்த்ததில்லை. மூன்று சுவர்களைச் சாமி படமும் டிவியும் அலுமாரியும் பிடித்துக்கொண்டன. மிச்சம், பக்கத்து வீட்டைப் பிரிக்கும் தகரம்.

அன்று மாலை அவள் ஆரம்பித்தாள். டம்! "ஐயோ அம்மா!" டம்! "ஐயோ!"

தகரத்துக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் எச்சில் கையோடு ஓடினார். லயமே பின்னால் ஓடியது. நானும் போனேன், பார்க்காமல் இந்த டயரியில் எப்படி எழுதுவது? வாசலில் பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷனின் சட்டையைப் பெரியவர் பிடித்தார்.

"பச்ச ஒடம்புக்காரிய அடிக்கிறியாடா?"

"எந்தக் கையால சித்தப்பா அடிக்கிறது? ரெண்டு கையிலயும் பீத்துணி, பாருங்க!"

உள்ளேயிருந்து அவள், "அவரு அடிக்கல மாமா, நா எக்சசைஸ் செய்றேன்" என்றாள்.

"எக்சசைஸுக்கு எதுக்குத்தா ஐயோங்குற?"

"கை முட்டி வலிக்குதுல்ல!"

"தோள் வலி பத்தலன்னு முட்டி வலியும் வாங்கிக்கிட்டா" என்றார் மாமியார். "போத்தல குடுத்தா முடிஞ்சிச்சு."

லயம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இனிமே செய்ய மாட்டேங்க்கா, மானம் போகுது" என்றாள் என்னிடம். மாமியார் அதற்குள் போத்தலைக் கழுவ வெந்நீர் வைத்துவிட்டார்.

"மிஸ் அழுத்தச் சொன்னாங்க, நீ இடிக்கிற" என்றேன். "காலையில பேர் போடுற பெரட்டுக்கு முன்னாடி பிள்ளைக்காம்பராவுக்கு வா. அங்க கல்லுச் சுவரு. நீ கத்தினாலும் யாரும் ஓடி வரமாட்டாங்க, அங்க எல்லாரும் கத்துறவங்கதான். பத்து மணிக்கு வரும்போது சாக்க வெளிய கழட்டி வச்சிட்டு வா. கங்காணிக்கு நா பதில் சொல்றேன்."

மறுநாள் காலை முதல் வேலையாகக் குறடு எடுத்து, சுவரில் தோள் படும் உயரத்தில் இருந்த ஆணிகளைப் பிடுங்கினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவள், "சீக்கிரங்க்கா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.