ஏரிக் கப்பலில் அத்தான்

அத்தானுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தபோது சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். கப்பல் என்றால் கடலில் ஓட வேண்டும். அவருடையது ஏரிகளில் தானியம் ஏற்றித் திரிந்தது. உப்பில்லாத தண்ணீர் ஆளைக் கொல்லாது என்பது எங்கள் சனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஊரில் கோடை வந்தால் குளத்துக்குள் மாடு நடந்து போகும். கனடாக் குளமும் கொஞ்சம் பெரிய குளம், அவ்வளவுதானே.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நவம்பர் மாதம் சுப்பீரியர் ஏரி இதற்குப் பதில் சொன்னது. பல பத்தாண்டுகளாகக் காணாத புயல் என்றும், நடு ஏரியில் கப்பல்கள் அகப்பட்டிருக்கின்றன என்றும் காலைச் செய்தியில் சொன்னார்கள். அங்கிருந்து எவ்வளவோ தூரத்தில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடி ஜன்னல்களே காற்றில் கடகடத்துக்கொண்டிருந்தன. அக்கா புருஷனைத் தேடிக் கப்பல் கம்பனிக்குப் போன் எடுத்தாள். இரவிலிருந்து அத்தானின் கப்பலோடு தொடர்பில்லை, ஏதாவது தெரிந்தால் அழைப்போம், போனை மட்டும் யாரும் பாவிக்காமல் வைத்திருங்கள் என்றார்கள்.

எங்கள் சனத்திடம் போன் எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு ஒரே வழி, ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்வதுதான். நான் இரண்டு பேருக்குச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் ஸ்காபரோ முழுக்க எங்கள் நம்பரைச் சுழற்றத் தொடங்கியது. "ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப போனை வையுங்கோ, அவங்கள் எடுப்பாங்கள்" என்று எங்களுக்கே புத்தி சொல்லிவிட்டு, பிறகு கால் மணித்தியாலம் கதைப்பார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்து தூரத்துச் சொந்தமான ஒரு அண்ணை நேரிலேயே வந்தார். பேப்பர் ஒன்று விடாமல் வாசிக்கிறவர். சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அந்தக் காலத்திலை இப்பிடித்தான் ஒரு நவம்பர் புயலிலை கப்பல் கப்பலாத் தண்ணிக்கை தாண்டது. கனபேற்றை உடம்பும் கிடைக்கேல்லை" என்றார். அக்காவுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தாராம்.

அவரை வென்றவர் பிறம்ரன் நகரத்து மாமி. இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் பெரிய பெரிய சட்டிகளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். "பிள்ளை, நீ இண்டைக்கு ஒண்டும் சமைக்காதை. எல்லாம் நாங்கள் பாக்கிறம்."

அக்கா அந்தச் சட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில்தான் அடுப்பு மூட்டுவதில்லை. அங்கேதான் சொந்தக்காரர் சாப்பாடு கொண்டுவருவார்கள். மாமி சுறுசுறுப்பானவர், சாவுக்கு முன்பே சாப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

"மாமி, என்ரை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை" என்றாள் அக்கா.

பிறகு குசினிக்குள் போய் நான்கு அடுப்பையும் போட்டாள். ஃப்ரீசரில் கிடந்த நண்டு, இறால், கோழி எல்லாம் வெளியே வந்தன. செத்தவீட்டில் மீன், இறைச்சி என்று மச்சத்தின் வாடையே கூடாது. ஆகவே அக்கா மச்சத்தைத் தவிர வேறொன்றும் சமைக்கவில்லை. பொரியல் புகையில் அலாரம் அலறியது. மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹோலில் இருந்தார். அண்ணை இரும இரும வரலாறு சொன்னார்.  அக்காவிடம் கத்தியை வாங்கப் போனேன், தரவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவு எனக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் ஆகியும் கம்பனி அழைக்கவில்லை. ஒவ்வொரு போன் மணிக்கும் அக்கா அகப்பையோடு குசினி வாசலுக்கு ஓடிவருவாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு துக்கக்காரர். கடைசியில் ஒரு தடவை போன் அடித்தபோது அவள் எதையும் கேட்காமலே, "இல்லை, இன்னும் சாகேல்லை!" என்று கத்திவிட்டு றிசீவரை அடித்து வைத்தாள்.

உடனே திரும்பவும் அடித்தது. "நீ எடு" என்றாள். எடுத்தேன்.

"ஓம் தம்பி, சாகேல்லை. அதைச் சொல்லத்தான் திருப்பி எடுக்கிறன்" என்றது அத்தானின் குரல். "தண்டர் பே துறைமுகத்திலை நிக்கிறம். விடியவே கரைக்கு வந்திட்டம். நானும் எடுக்கிறன், கம்பனிக்காரரும் எடுக்கினம், உங்கடை போன் எந்த நேரமும் எங்கேஜ்."

நான் றிசீவரை அக்காவிடம் நீட்டினேன். "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்டாள். பதில் வரமுன்பே குசினி வாசலிலேயே நிலத்தில் உட்கார்ந்து, பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழத் தொடங்கினாள்.

ஹோலில் இருந்த மாமிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? செய்தி வந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்து, "என்ரை ராசா, நடுத்தண்ணியிலை எங்களை விட்டிட்டுப் போட்டியே" என்று உரத்த குரலில் ஒப்பாரியை எடுத்தார்.

விழுந்து கிடந்த றிசீவரை நான் எடுத்தேன்.

"அது ஆர் தம்பி?"

"பிறம்ரன் மாமி. உங்களுக்காகத்தான் அழுறா. நிப்பாட்டச் சொல்லட்டோ?"



"வேண்டாம், அழட்டும்" என்றார் அத்தான். "ராத்திரி அந்தத் தண்ணிக்கை கிடக்கேக்கை, எனக்காக ஆரும் அழுவினமோ எண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."