சைவக் கடைக்கு நான் செய்த லைட் போர்டு

லைட் போர்டு என்ற சாமானைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. அதைச் செய்துதான் மலையகத்து ஹட்டனில் பல வருஷம் சோறு தின்றேன், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது சிவப்பும் பச்சையுமாக எரிகிற எழுத்து. கழற்றித் துடைக்கிறவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும். ஈசல், விட்டில், கரப்பான், பல்லி முட்டை எல்லாம் பல்பின் சூட்டில் வெந்து, மூடுபனியில் ஊறி, அடித்தட்டில் கூழாகக் கிடக்கும். அதைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டும். சீ, என்ன பிழைப்பு.

எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் போர்டு செய்ய, சாமானைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். பெட்டிக்குத் துத்தநாகத் தகரம். மூலைகளை மடித்து ஈயம் பற்றவைக்க வேண்டும். முகத்துக்குக் கனமான கண்ணாடி, அதன் பின்பக்கம் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். ஆணி துருப்பிடிக்கும், ஆகவே பித்தளைத் திருகாணி. கொழும்பில் அப்போதே பிளாஸ்டிக் தகடு வந்துவிட்டது என்றார்கள், எங்கள் பக்கம் யாரும் கண்ணால் கண்டதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன் பாருங்கள், அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். தலவாக்கலையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, ஹட்டன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைவச் சாப்பாட்டுக் கடை திறக்க வந்தார். மகா பக்திமான். கடைக்குள் முட்டை வாசனைகூட வரக் கூடாது என்பவர். வைகாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டு, வாசலுக்கு மேலே ‘சுத்த சைவம்’ என்று எரிகிற போர்டு வேண்டும் என்றார். எனக்குத் தகரம் வரவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை கைமாறிவிடும் என்ற பயம், அதோடு சோம்பேறித்தனம். பட்டறை மூலையில் பழைய தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. அந்த மெல்லிய பலகையில் போர்டுப் பெட்டியைச் செய்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, வெளிச்சம் பளிச்சென்று தெறிக்கட்டும் என்று உள்ளே சுற்றிலும் ஒட்டினேன். மூலைகளை அடைத்ததும் ஈயத்தாளை ஒட்டியதும் வச்சிரத்தால். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. ஒரு டப்பா முழுக்க ஊற்றினேன்.

பார்க்க வந்த முதலாளி ஆறிக்கிடந்த டப்பாவைக் குனிந்து பார்த்தார்.

“என்ன பசை தம்பி இது?”

“மரவள்ளி மாவுப் பசைங்க மொதலாளி.”

நாக்கூசாமல் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை போர்டுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார். அந்த மாட்டுப் பசைக்கு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. பலகை ஊறியது, பசை இளகியது. எங்கள் ஊரில் பனி இறங்கினால் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். பல்பின் சூடு ஏற ஏற, செத்த எலியும் கருவாடும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. போர்டுக்குப் பின்னால் காற்றுக்காக விட்ட இடைவெளி வழியே அது நேராகக் கடைக்குள் போனது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது குசினி அடுப்பிலிருந்து வருகிறது என்றே பட்டது. விளக்குப் போடுகிற அதே நேரத்தில்தான் சமையல்காரரும் மாலைப் பலகாரத்துக்கு அடுப்பை மூட்டுவார்.

ஒரு பஸ் கண்டக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். “போர்டுல சைவம்னு போட்டுட்டு உள்ள கருவாடு சுடுறீங்களே மொதலாளி, நல்லாவா இருக்கு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி முகம் செத்துவிட்டது. சமையல்காரர் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், என்னைவிட இரண்டொரு வயது இளையவர். தோட்டக் கூலிப் பதிவான செக்ரோலில் பெயரை வெட்டிக்கொண்டு, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். தோட்டத்தில் கருவாடு தின்றவன்தான், இனிமேல் தொடமாட்டேன் என்று சேரும்போதே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த உண்மையே இப்போது அவர் கழுத்துக்குக் கயிறானது. குசினியைக் கழுவினார்கள், சாக்கடைக் கானைக் கழுவினார்கள். அவருடைய துணிப்பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். மறுநாள் விளக்குப் போட்டதும் மறுபடியும் அதே நாற்றம்.

வச்சிரம் அழுகினால் எப்படி நாறும் என்று என் மூக்குக்குத் தெரியாதா? இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. சாமி கும்பிடுகிற வாசலில் மாட்டுத்தோலை வைத்தவன் என்று தெரிந்தால், ஊரில் ஒரு கடைக்காரனும் எனக்கு வேலை தரமாட்டான்.

மூன்றாம் நாள் முதலாளி முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினார். “நீ கருவாடு கொண்டாரலேன்னா சாமிக்கு முன்னுக்கு அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் நம்புறேன்” என்றார். நான் தேநீர்க் கிளாசோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “இந்தக் கடையில நான் கருவாட்டக் கையால தொட்டிருந்தா எம் புள்ளைங்க வெளங்காமப் போகட்டும்” என்று சொல்லி உள்ளங்கையால் நெருப்பை அணைத்தார். முதலாளி திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசினார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன.

மறுநாள் மூன்று மணிக்கு விளக்குப் போட்டார்கள். நாற்றம் முன்னைவிட மோசம்.

“சோத்துல மண்ணள்ளிப் போட்டவனக்கூட மன்னிப்பேன். சாமி முன்னுக்குப் பொய்ச் சத்தியம் பண்ணுனவன் என் கடையில நிக்கக் கூடாது.” முதலாளி கத்தவில்லை. வாசலைக் கையால் காட்டினார்.

நான் சமையல்காரரின் பின்னாலேயே பஸ் வரைக்கும் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே கதை விட்டிருக்கிறேன். அவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“வேல போனா போகுதுண்ணே, வேற எங்கயாச்சும் பாத்துக்குவேன். புள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேன். இனி அதுங்களுக்கு ஒரு காய்ச்ச வந்தாக்கூட எம் பொஞ்சாதி என் மூஞ்சியத்தான் பாப்பா” என்றார். பிறகு, “ஒங்களுக்காச்சும் தெரியுமாண்ணே, அந்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு?” என்று கேட்டார்.

“தெரியலையேப்பா” என்றேன். பஸ் தலவாக்கலை ரோட்டில் திரும்பியது. த்தூ, நானும் ஒரு மனுஷன்.

அடுத்த நாள் காலை, பல்பு சரியில்லை என்று சொல்லிப் போர்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தேன். ஈயத்தாள் பிதுங்கித் தொங்கியது, அதன் பின்னால் பசை மஞ்சள் சளியாக வழிந்து, அதில் புழு நெளிந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். அதற்குள் வந்திருந்த தகரத்தில் புதுப்பெட்டி மடித்து, ஈயம் பற்றவைத்து, பித்தளைத் திருகாணி போட்டேன். பழைய கண்ணாடியையே பொருத்தினேன். என் கையால் செய்ததிலேயே சுத்தமான போர்டு அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அன்று மாலை விளக்குப் போட்டார்கள். நாற்றம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே தோசை கொண்டுவந்து வைத்தார்.

“பாத்தீங்களா தம்பி, பொய்ச் சத்தியம் பண்ணுனவன் வெளிய போனதும் நாத்தமும் போயிருச்சு. சாமி இருக்குங்கிறது இதுதான்.”

“ஆமாங்க மொதலாளி” என்றேன்.

தோசை நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.