அப்பாவின் இரண்டாவது டெங்கு

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடியில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தது. நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதியில் தெரு முழுக்க டெங்கு. தேய்த்து முடித்ததும் டிரம்மின் வாயைச் சணல்கயிற்றால் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொசுவலையில் மூடி தைக்க டைலர் காத்தவராயனுக்கு அந்த அளவு.

அப்பா பெயர் சாமிக்கண்ணு. ஒரு மில்லில் கேட் வாச்மேன். மில் மூடியபின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே வேலை. "எம் பொண்ணு டாக்டரு, ஊசிதான் போடத் தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்வார். உண்மைதான். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் டெங்குவை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஆய்வேட்டின் தலைப்பு எங்கள் தெருவைவிட நீளம்.

அவருக்கு முன்பே ஒருமுறை டெங்கு வந்திருந்தது. "நமக்குதான் வந்துட்டு போய்டுச்சே, இனிமே வராது" என்றார் அன்று.

நான் விடுவேனா? டெங்குவில் நான்கு வகை. முதலில் வந்த வகைக்கு உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், வேறு வகை வந்தால் அதையும் பிடிக்கும். ஆனால் முடக்காமல் விடலாம். அந்த எதிர்ப்பொருளின் வாலைப் பார்த்து, உடம்பின் காவல் செல் அதையும் வைரஸையும் சேர்த்து விழுங்கும். வைரஸ் உள்ளே போய்ப் பெருகும். ஈரக் கையோடு நின்று பாடம் நடத்தினேன்.

"நம்ம ஆளே திருடன் தோள்ல கைய போட்டு இட்டுனு வந்தா வாச்மேன் உட்டுடுவான். அவ்ளோதானே?"

"அவ்ளோதாம்ப்பா."

"இதுக்கா இத்தினி வருஷம் பஸ்ல போன?"

அடுத்த வாரம் அவருக்கே ஜுரம். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டியூட்டி டாக்டரிடம் இது இரண்டாவது டெங்கு என்று தொடங்கி, செல்லின் ஏற்பிவரை போய்விட்டேன். "மேடம், கடைசியா யூரின் எப்போ போனாரு?" என்றார் அவர். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அத நீ படிக்கலியா?" என்றார் அப்பா, கட்டிலிலிருந்து.

ஜுரம் விட்டது. "நாளைக்கு டூட்டிம்மா, யூனிபார்ம தோச்சி வெய்யி" என்றார். ஜுரம் இறங்கும்போதுதான் ஆபத்து என்று மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். அவர் இட்லி கேட்டதும் அத்தனையும் மறந்து, வாங்கிவர ஓடினேன்.

மறுநாள் அவர் ரத்த அழுத்தம் விழுந்தது. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். நான் மானிட்டரில் எண்களை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பணிவிடை அதுதான். மாலையில் இறந்துபோனார்.

யூனிபார்மைத் துவைத்து வைத்தேன்.

காரியத்துக்கு வந்த காத்தவராயன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வலய வாங்கியாந்து குடுத்துட்டு போனாரும்மா. அளவு அப்பறமா எடுத்தாரேன்னாரு."

முடிச்சுப் போட்ட கயிறு அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. டெங்கு ஆராய்ச்சியாளர் வீட்டு டிரம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.