அது வேற பொண்ணு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கிவிட்டவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது திடீரென்று பீஸை ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெற்றோர் யாரும் குறை சொல்லவில்லை, பிள்ளைகள்தான் கலாட்டா செய்கிறார்கள் என்றது நிர்வாகம். அதனால் பெற்றோரையே மைக்கில் பேசவைப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

"எங்களால கட்ட முடியாதுன்னு சொல்லுப்பா. அது போதும்," என்றாள் மகள்.

"நாலு பேர் எதிர்ல எனக்கு வாயே வராதே."

"நூல் அறுந்தா தறிய மட்டும் அந்தத் திட்டு திட்டற! அத மாதிரி நெனச்சிக்கோ."

வருகிறேன் என்றேன்.

நான் பேச வேண்டிய அன்றுதான் ஒரு பட்டுச் சேலையை, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளியிடம் சேர்க்க வேண்டியிருந்தது. தறியில் ஏற்ற உசத்தியான பாவு நூல் கொடுக்கும்போதெல்லாம் அவர் ஒரு நிபந்தனை போடுவார். முதலிலிருந்து முந்தானை வரை என் கை மட்டும்தான் படவேண்டும். இரண்டு பேர் நெய்தால் நூலை இறுக்கும் அடி மாறி, வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் பீஸுக்காக மகளும் பாதி நெய்தாள். அவள் அடி என் அடியைப் போலவே விழும். அது எங்கள் வீட்டைத் தாண்டாத ரகசியம்; தெரிந்தால் முதலாளி சேலையை எடுத்துக்கொள்ளமாட்டார்.

பேசிவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்கு எதிரே டீக்கடையோரம் நின்றேன். முதலாளி அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். அப்போதுதான் மைக்கில் மகளின் குரல் கேட்டது.

"என் பீஸுக்காக எங்கப்பா நெய்யற சேலையில பாதி நான் நெய்யறேன்."

முதலாளி அவளைச் சின்ன வயதில் பார்த்தவர். பந்தலைப் பார்த்தார், என் அக்குளைப் பார்த்தார்.

"இன்னாப்பா, உன் பொண்ணு மாதிரி கீதே?"

"இல்லீங்க மொதலாளி. அது வேற பொண்ணு."

"அப்டியா? ஏறு, கடைல போய் சேலையப் பாக்கலாம்."

ஏறும்போது மகள் என்னைப் பார்த்துவிட்டாள். என்னைக் கூப்பிடத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கினாள்.

"எங்கப்பா இன்னும் வரல. வருவாரு," என்று மைக்கில் சொன்னாள்.

கடையில் முதலாளி சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "ஒரே கை. சுத்தமா கீது," என்றார்.

சாயந்திரம் மகள் கேட்டது ஒன்றுதான். "சேலைய எடுத்துக்கினாரா?"

"எடுத்துக்கினாரு."

"அப்ப சரி." தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் களம்பூர் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் ஒரு அம்மா மைக்கைப் பிடித்துப் பேசினாராம். அவருக்குப் பின்னால் நிறையப் பேர் பேசினார்கள். ஏற்றியதில் பாதியைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த பீஸைக் கட்டித்தான் என் மகள் படிப்பை முடித்தாள்.

"எங்கப்பாவுக்குக் கூட்டம்னாலே ஜுரம் வந்துடும்," என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் கூடவே சிரிக்கிறேன். கூச்சத்தில்தான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் முதலாளியிடம் சொன்னது அவ்வளவு தூரம் கேட்டிருக்காது.

நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

14.6.2009, ஞாயிறு.