நிதி கேட்கப் போன திருவனந்தபுரம்

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் இருபது ரூபாய். எழுபது கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அந்த வண்டி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. குழித்துறை தாண்டிப் பாறசாலை வந்ததும் பெட்டியில் பேச்சு மெல்ல மலையாளத்துக்கு மாறும். பத்தாம் வகுப்பு வரைக்கும் நான் வளர்ந்த ஊருக்குப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்த முறை போனது ஊர் பார்க்க அல்ல, ஃபண்டு கேட்க. நான் நர்ஸ். வள்ளியூர்ப் பக்கம் செல்வி என்ற இன்னொரு நர்ஸும் நானும் ஒரு வாடகை ஆட்டோவில் கிராமம் கிராமமாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்த்து வருகிறோம். புண்ணைக் கழுவிக் கட்டுவோம், மூத்திரக் குழாய் மாற்றுவோம், புரட்டிப் படுக்க வைக்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்போம். கல் குவாரியில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போன இசக்கிமுத்து என்ற இளைஞன், பஸ்ஸே போகாத மலையடிக் கிராமத்தில் ஞாயிறும் புதனும் போகும் எங்களை மட்டும் நம்பிக் கிடக்கிறான். எங்களுக்குப் பணம் கொடுத்து வந்த அறக்கட்டளை மார்ச்சோடு நிறுத்திக்கொள்கிறது. வேறு வழி கிடைக்காவிட்டால் ஆட்டோவும் நிற்கும், செல்வியின் வேலையும் போகும்.

திருவனந்தபுரத்தில் கிராமத்துச் சுகாதார, சமூகசேவை அமைப்புகளுக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் வகுப்பு, இரண்டாம் நாள் ஓர் ஊரைப் பார்த்து வருவது, மூன்றாம் நாள் நிதி கொடுப்பவர்கள் முன்னால் பத்து நிமிஷம் பேச வேண்டும். நீச்சல் சொல்லிக்கொடுத்த கையோடு குளத்தில் தள்ளிவிடுகிற ஏற்பாடு.

காலை எட்டரை மணி. தம்பானூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே சந்தில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழுதக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய். டிரைவரிடம் என்னால் முடிந்த மலையாளத்தில் வழி சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா தமிழ்தானே? பேசுறதக் கேட்டாலே மனசிலாகுமே. நமக்கு சாலைக் கடைத்தெருவுலதான் வீடு கேட்டோ."

"நானும் சாலைக்காரிதான்" என்றேன். பெருமையாக இருந்தது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பயிற்சி நடந்தது மாமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய ஓட்டுக் கட்டிடத்தில். இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து நான் ஒருத்திதான். மதியம், மூன்றாம் நாளுக்காக ஒவ்வொருவரும் பேசிப் பார்த்தோம். நான் பென்டிரைவில் கொண்டுபோன படங்களைத் திரையில் ஓட்டினேன். ஆட்டோவுக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பஞ்சாயத்துத் தலைவருக்குப் பொன்னாடை, தலைவர் திருப்பி எனக்கும் ஒரு பொன்னாடை. எங்கள் ஊர்ப் பக்கம் தொண்டு என்றால் பாதி பொன்னாடைதான். "மக்கள் ஆதரவோடு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது" என்று முடித்தேன்.

பயிற்சி கொடுத்தவர் மெலிந்த மனிதர், பெயர் மாத்யூ. மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் நல்லபடியா நடக்குதுன்னா, பிறகு ஃபண்டு எதுக்கு சிஸ்டர்? இதுல ரோகி எவிடே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நோயாளி என்ன பொருட்காட்சிச் சாமானா, படம் பிடித்துக் கொண்டுவந்து காட்ட? அப்படியே சொல்லியும்விட்டேன். "காட்ட வேண்டாம் சிஸ்டர்" என்றார் அவர். "பறஞ்சால் போதுமே." சொல்வதற்கும் காட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மாலை ஐந்தரை மணி. லாட்ஜிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். அப்பா அங்கே ஒரு மொத்த அரிசிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். வற்றலும் பெருங்காயமும் சணல் சாக்கும் கலந்த அந்த வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. கடைதான் இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் அறை கோடவுனாகிவிட்டது. அதன் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

அந்த அறையில் மாசக் கடைசியில் அரிசி தீர்ந்துவிடும். அரிசிக் கடைக் கணக்குப்பிள்ளை வீட்டில் அரிசி இல்லை என்று யாரிடம் சொல்வது? அடுத்த வீட்டு அம்மிணிச் சேச்சி "ஊணு கழிஞ்ஞோ?" என்று கேட்டால், அம்மா சிரித்தபடி "இப்பதான் சாப்பிட்டோம்" என்பாள். சேச்சி நம்பமாட்டார். நேரே அடுப்படிக்குள் நுழைந்து பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மூடிய தட்டில் வேகவைத்த கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் வரும். அம்மா முறுக்கிக்கொண்டு வாங்குவாள், நாங்கள் அள்ளிச் சாப்பிடுவோம். இப்போது அந்தச் சேச்சி எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட அந்தத் தெருவில் தெரிந்த முகம் இல்லை. கால் கிலோ ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. வேனில் போனக்காடு என்ற மலைக் கிராமத்துக்குப் புறப்பட்டோம். நெடுமங்காடு, விதுரை வழியாக அறுபது கிலோமீட்டர். விதுரைக்குப் பிறகு காடு, கொண்டை ஊசி வளைவுகள், குளிர். நிதி கொடுக்கும் நிறுவனத்தின் அதிகாரி லதா மேடமும் எங்களோடு வந்தார். மேலே தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வழி வந்தவர்கள். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. அதற்கும் நிதி கேட்டிருக்கிறார்கள். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

புஷ்பம் என்ற பெண்ணின் வீட்டுக்குள் போனோம். ஐம்பது வயதிருக்கும். தரை மெழுகிப் பளிச்சென்று இருந்தது. யார் யார் வீட்டிலிருந்தோ வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், புதுத் துண்டு விரித்த மேசை, தட்டு நிறைய பிஸ்கட், ஏலக்காய் போட்ட சாயா. புஷ்பம் பட்டுச் சேலையில் நின்றார். லதா மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து கிடைக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருகிறதா, வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?

"சுகந்தான் மேடம். ஒரு கொறையும் இல்ல கேட்டோ. சாயா குடிங்க."

லதா மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. சளியைத் துப்ப எழுந்து உட்கார முடியாதவர்களின் இருமல் அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"உள்ள யாரு?" என்றேன்.

புஷ்பத்தின் முகம் மாறியது. "எங்க வீட்டுக்காரருதான். கெடையில கெடக்காரு. நேத்துதான் கட்டில விறகு வைக்கிற எடத்துக்கு மாத்துனோம். விருந்தாளி வந்த எடத்துல சீக்காளியக் காட்டலாமாக்கா? மரியாதையா இருக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் பென்டிரைவில் இருந்த பொன்னாடை எல்லாம் இந்தப் பட்டுச் சேலைதானே! அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போய் அவரைப் புரட்டினேன். முதுகில் புண் தொடங்கியிருந்தது. கழுவிக் கட்டும்போது லதா மேடம் வாசலோடு நின்றுகொண்டார், எட்டிப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்து, பார்த்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மாத்யூ சொன்னது எனக்கு அங்கேதான் விளங்கியது.

கிளம்பும்போது புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பாச் சொல்லிட்டனாக்கா? ஃபண்டு வராதோ?" என்று கேட்டார். "இனிமே வர்றவங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்க" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் லதா மேடம். படம் போடவில்லை. இசக்கிமுத்துவின் ஊர் எது, அங்கே எப்படிப் போகிறோம், அவன் முதுகுப் புண் எத்தனை ஆழத்திலிருந்து எந்த மட்டுக்கு ஆறி வந்திருக்கிறது என்பதைச் சொன்னேன். அவன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"ஞங்ஙள் ஃபண்டு தரலைன்னா என்ன செய்வீங்க?" என்று லதா மேடம் பாதித் தமிழில் கேட்டார்.

எப்படியாவது சமாளித்துக்கொள்வோம் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் அம்மாவின் பதில் அது. விழுங்கினேன்.

"நின்னுபோகும் மேடம்" என்றேன்.

மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். போனக்காட்டுக் குழுவுக்கு ஒரு வருஷத்துக்கு நிதி உண்டு என்றார்கள். எனக்குக் கேட்டதில் பாதி. செல்வியின் சம்பளமா, ஆட்டோ வாடகையா, இரண்டில் ஒன்றை நானே அங்கேயே சொல்ல வேண்டும். சம்பளம் என்றால் கூடவே செல்விக்குத் திருவனந்தபுரத்தில் ஆறு வாரப் பயிற்சி, தங்க இடமும் சாப்பாடும் சேர்த்து. ஆட்டோவுக்குப் புண் கட்டத் தெரியாது. செல்வி என்று சொன்னேன்.

மாலை ஐந்து மணி வண்டி. ஜன்னலோர இடம் கிடைத்தது. நேமம் ஸ்டேஷன் தாண்டியதும் செல்விக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை தங்கியதற்குச் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் கேட்டது வேறு.

"ஆறு வாரம் நான் அங்க வந்துட்டா, இசக்கிமுத்துவ யாரு பாப்பாங்க? அவன் ஊருக்கு பஸ்ஸே கெடையாதேக்கா."

"நான் பாக்கேன். ஸ்கூட்டர் பழகப் போறேன்."

"இந்த வயசுலயா? ஒங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

தெரியாதுதான். ஆனால் திருவனந்தபுரத்தில் மூன்று நாளாகப் பார்த்தேன். என் வயசுப் பெண்கள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, மேடும் பள்ளமுமான அந்தத் தெருக்களில் சர்வசாதாரணமாகப் போகிறார்கள். எங்கள் ஊரில் என் வயசுக்காரி ஸ்கூட்டர் எடுத்தால் டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும்.

செல்வி சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நாளைக்கு நான் போகும்போது அவன் கேப்பான்க்கா. அடுத்தாப்ல ஆளு வருமா, எப்ப வருவீயன்னு. என்ன சொல்ல?"

"புதன்கிழமைன்னு சொல்லு" என்றேன்.