குஞ்சு காத்த விரால்

அந்த விராலைப் பிடித்தவன் நான்தான்.

வினோத் அல்ல, வலைக்காரர்கள் அல்ல, வழிப்போக்கன் எவனும் அல்ல. நான்! இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் துணிவு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: என்னை ஏரிப்பக்கம் வராதே என்று விரட்ட உங்களால் முடியாது.

பார்த்தீர்களா, பாவத்தைச் சொல்ல உட்கார்ந்த முதல் நொடியிலேயே எனக்கு ஏரியைப் பற்றித்தான் கவலை!

நான் மானாமதுரைப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறை. வேலையில் என்னைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கையில் தூண்டில் ராடைக் கொடுத்துப் பாருங்கள்... நான் வேறு ஆள்! கொக்கி மறைந்த ரப்பர் தவளையைத் தாமரை இலை மேல் தத்தித் தத்தி இழுத்து வருவேன். இலையின் விளிம்பில் அது பொத்தென்று தண்ணீரில் விழும். ஒரு நொடி, ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமே நடக்காத நொடிக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் முழுக்க நிற்பேன். இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்!

இந்தப் பித்தை எனக்கு ஒட்டவைத்தவன் ஏழுமலை. பக்கத்துக் கம்பெனியில் வேலை, என் வயதுதான், சேரப்பணஞ்சேரி அருகே சொந்த ஊர். அவன் ஊர் ஏரியில் வெளியாள் தூண்டில் போட்டால் உடனே நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். ஏழுமலையோடு வந்தவன் என்றால் கேள்வியே கிடையாது. அந்த ஏரிக்கு என் அனுமதிச் சீட்டு அவன்தான்.

எங்களோடு மூன்றாவதாக வினோத். ஏழுமலையின் மனைவி தீபாவுக்குத் தம்பி. வாய் நீளம், கை அதைவிட நீளம். போன கோடையில் அவர்கள் இருவரும் முழங்கை நீள விராலாகப் பிடித்துத் தள்ள, எனக்கு மாட்டியதெல்லாம் விரலளவு, சாணளவு.

“இன்னா மச்சி, குழம்புக்கா, மீன்தொட்டிக்கா?” என்பான் ஏழுமலை.

சிரிப்பேன். உள்ளே எரியும்!

சித்திரையில் ஒரு கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏழுமலை எங்கள் இருவரையும் கோரைப்புதருக்குப் பின்னால் அழைத்துப் போனான். குனியச் சொன்னான். தண்ணீரின் மேல் ஓரிடம் மட்டும் கொதிக்கிற உலைபோல் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! ஒரே பந்தாக மேலே வந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, ஒரே பந்தாகக் கீழே இறங்கின. அவற்றுக்கு அடியில் இரண்டு கரிய நிழல்கள். அதில் பெரியது... ஐயோ, அதன் தலை மட்டும் என் பாதமளவு இருந்தது.

“ரெண்டும் காவல் காத்துகினு கீது பாரு. குஞ்சு கூட்டம் கண்ணுல பட்டா தூண்டில சுத்திக்கினு போய்டணும். அதான் நம்ம கணக்கு,” என்றான் ஏழுமலை.

பிறகு பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்தான். எங்கள் தொழிற்சாலைகளில் ரிப்பேரில் இருக்கும் மெஷினைச் சுற்றிக் கட்டுவோமே, அதே டேப். அது கட்டியிருந்தால் சூப்பர்வைசரே ஆனாலும் கை வைக்கமாட்டார். உள்ளே ஒருவன் கை வைத்திருக்கலாம், மெஷின் ஓடினால் உயிர் போய்விடும். அதை இரண்டு காட்டாமணக்குக் குச்சிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினான்.

“குஞ்சு பெரிசாகி பிரிஞ்சி போற வரைக்கும் இங்க யாரும் வீசக் கூடாது. டேய் வினோத்து, உன்னத்தான் சொல்றேன்!”

வினோத் முந்தின வருடம் குஞ்சோடு நின்ற விராலைத் தூக்கியவன். அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “அது தெரியாம பண்ணது மாமா. இனிமே தொடமாட்டேன்.”

“உன்ன சொல்லவே தேவயில்ல மச்சி,” என்று ஏழுமலை என் தோளைத் தட்டினான்.

என்னைச் சொல்லவே தேவையில்லையாம்!

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. மெஷினில் தகடு வைத்தால் அந்தக் கரிய தலை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தலை. குஞ்சு காக்கும் விரால் பசிக்காகக் கடிக்காது. அருகில் எது வந்தாலும் பிள்ளைகளைத் தின்ன வந்ததென்று பாய்ந்து அடிக்கும். ஆகவே அதைப் பிடிக்கத் திறமையே வேண்டாம். திறமை இல்லாத எனக்கு அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது தெரியுமா?

ஏழுமலையிடம் போனில் சொன்னேன்: “இந்த வாரம் பூரா காலை ஷிப்டு மாப்ள, ஓ.டி.யும் போட்டுட்டாய்ங்க. ஏரிக்கு வர முடியாது.” கம்பெனியில் சொன்னேன்: வயிற்றுவலி. இரண்டு பொய்களும் எவ்வளவு சுலபமாக வந்தன!

ஏழுமலை வேலைக்குப் போயிருக்கும் ஒரு காலை. சாலையில் கம்பெனி பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் கோரைக்குள் நின்றேன். சிவப்பு டேப் எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் தொங்கியது. பிரஸ் மெஷினில் அந்த டேப்பை ஒருநாளும் தாண்டாதவன் நான். குனிந்து தாண்டினேன். கால் சறுக்கியதில் டேப் அறுந்தே போயிற்று. நிற்கவில்லை.

தவளையைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் வீசினேன்.

டபக்!

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! தண்ணீர் வெடித்தது. ராடு வில்லாக வளைந்து நுனி தண்ணீருக்குள் போயிற்று. ரீல் கிர்ர்ரென்று கதறியது. தூண்டில் நரம்பு என் விரலை அறுத்தது, வலிக்கவே இல்லை! அது ஆகாயத்தாமரைக்குள் புகுந்தது. நான் இடுப்பளவு சேற்றில் இறங்கினேன். அது இழுத்தது, நான் இழுத்தேன். ஒருமுறை முழு உடம்பும் மேலே எழும்பித் தலையை உதறியது. பாம்புத் தலை, பாறை முதுகு, வெண்மஞ்சள் வயிறு... “ஏய்ய்ய்!” என்று ஏரியே அதிரக் கத்திவிட்டு, பதறிப்போய்ச் சேற்றுக் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையின் மிகப் பெரிய மகிழ்ச்சியை வாயைப் பொத்திக்கொண்டு அனுபவித்தவனை நீங்கள் பார்த்ததுண்டா?

கரையில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாந்தேன். சிரித்தேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.

எழுந்து பார்த்தபோது குஞ்சுகள் பந்தாக இல்லை. செந்நிறப் பொட்டுப்பொட்டாக நாலாபக்கமும் சிதறியிருந்தன. மற்றொரு விரால் ஒரு பக்கத்தைக் காக்க ஓடியது; மறுபக்கம் கெண்டைகள் புகுந்தன. கொக்கு ஒன்று வந்து இறங்கியது. விராலை நான் திரும்ப விட்டிருக்கலாம்! அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. விட்டேனா? சாப்பாட்டுப் பையில் திணித்தேன். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை மறைமலை நகருக்கு விட்டேன். எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கே அறை எடுத்திருக்கிறார்கள். ஏழுமலையை அவர்களுக்குத் தெரியாது. “ஏதுடா இம்புட்டுப் பெரிய மீனு?” என்று வாயைப் பிளந்தார்கள்.

“மார்க்கெட்டுல வாங்கிட்டு வந்தேன்,” என்றேன்.

என் ஆயுளின் மிகப் பெரிய மீன்... வாங்கினேனாம்! அதைச் சொல்லும்போது பட்ட வேதனையில் பத்தில் ஒரு பங்குகூடக் குஞ்சுகளுக்காக நான் படவில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அறுத்தவன் நிமிர்ந்து பார்த்தான். “வயித்துல ஒண்ணுமே இல்லடா. பட்டினி கெடந்த மீனு போல.”

குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இதோடு போயிருந்தால் நான் உங்களிடம் வந்திருக்கமாட்டேன். அன்று மாலையே ஏழுமலை ஏரிக்குப் போயிருக்கிறான். அறுந்த டேப், மிதித்த சேறு, ஒற்றை விரால். நேரே வினோத்தின் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தான். இந்த இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் அவனே, இன்னொருவன் டூட்டியில் இருப்பதாகச் சொன்ன நான்... மிச்சம் யார்?

அடுத்த ஞாயிறு ஏழுமலையின் வீட்டில் நானும் இருந்தேன். வினோத் வந்தான். தீபாவின் இடுப்பில் யாழினி, அவர்களுடைய ஒரே குழந்தை, இன்னும் ஒரு வயது நிறையவில்லை. வினோத் யாரும் எதிர்பார்க்காத வேளையில் குழந்தையின் தலையில் கையை வைத்தான்.

“கொயந்த மேல சத்தியமா நான் புடிக்கல மாமா!”

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், மெய்யாகவே திறந்தேன்! “தண்ணி இருக்காம்மா?” என்று தீபாவிடம் கேட்டேன்.

மறுநாள் யாழினிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் ஏதோ தொற்று என்றார், ஊசி போட்டார், இறங்கிவிட்டது. ஆனால் ஏழுமலைக்குத் தொற்று கிற்று எதுவும் காதில் ஏறவில்லை.

“மீனு போனா மயிரே போச்சு மச்சி! எம் பொண்ணு தலையில கை வச்சி பொய் சத்தியம் பண்ணான் பாரு... அவன் இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

அது பொய்ச் சத்தியம் இல்லை என்று வினோத்தைத் தவிர அறிந்த ஒரே ஆளான நான் அவன் பக்கத்தில், மருத்துவமனை பெஞ்சில், அவனுக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வினோத் முட்டாள் இல்லை. சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலை என்னை மறித்தான்.

“அண்ணா, நீதான்னு எனக்குத் தெரியும். மாமாகிட்ட சொன்னேன், அவன் டூட்டில இருந்தான்டான்னு என்னையே அடிக்க வராரு. நீ புடிச்சத பத்தி எனக்கு ஒண்ணும் இல்லணா. சொல்லிடு, அது போதும். கொயந்தைக்குக் காது குத்தப் போறாங்க. நான் தாய்மாமன், என் மடியில வெச்சித்தான் குத்தணும்.”

அவன் கண்ணில் நீர். வாய் நீளமான அந்தப் பயல் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா,” என்றேன்.

ஏன்? பயமா? வெட்கமா? அழகான காரணங்கள் சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். சொன்னால் ஏழுமலை என்னை ஏரிக்கு அழைத்துப் போகமாட்டான். அவ்வளவுதான்! ஒரு குழந்தையின் தாய்மாமனை ஒரு தட்டிலும், அந்த ‘டபக்’ சத்தத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். எந்தத் தட்டு இறங்கிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுகுத்து நெருங்கியது. ஏழுமலை என் அறைக்கே வந்தான்.

“நீ வந்து மடியில வெச்சிக்கோ மச்சி. சொந்தம் இன்னா சொந்தம்... பொய் சொல்லாத ஒருத்தன் மடியில எம் பொண்ணு உக்காரட்டும்.”

இப்போதாவது சொல்லடா, என்று எனக்குள் ஒருவன் அலறினான். நான் புது வேட்டி எடுத்தேன்.

கோயிலில் மொட்டையடித்த யாழினியைக் கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தார்கள். தம்பி உட்கார வேண்டிய இடத்தில் நான் இருந்ததால் தீபா நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை. தம்பி வாங்கி அனுப்பிய பட்டுப்பாவாடையை, யார் தந்தது என்று கணவனுக்குச் சொல்லாமல் குழந்தைக்கு உடுத்திவிட்டிருந்தாள். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்: “எந்தம்பி பொய் சத்தியம் பண்ற ஆளு இல்லண்ணா. நீங்களாவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க.” நான் டூட்டியில் இருந்ததாகவே அவளும் நம்பினாள், என் மேல் சந்தேகமே இல்லை! தலையை ஆட்டினேன். பத்தர் காதில் கம்பியை ஏற்றினார். குழந்தை வீறிட்டு என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது.

இன்னும் ஏரிக்குப் போகிறோம். ஞாயிறு விடிந்தால் நெஞ்சு துள்ளுகிறது, சாலையில் வண்டி பறக்கிறது, இந்தக் கோடையில் நானும் முழங்கை நீள விரால்கள் பிடித்துவிட்டேன், எல்லாம் நேர்மையாகப் பிடித்தவை! கத்துகிறேன், குதிக்கிறேன், ஏழுமலை என் முதுகில் அறைகிறான். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்... அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யாழினி பேசத் தொடங்கிவிட்டாள். ஏழுமலையைக் கூட்டிப்போக நான் வாசலில் வண்டியை நிறுத்தியதும் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறாள். “மாமா!” என்கிறாள். அந்தச் சொல்லுக்குரியவன் தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகக் கேள்வி.

“என்னடா தங்கம்?” என்று நான்தான் கையை நீட்டுகிறேன். அவளும் வந்துவிடுகிறாள்.