கண்ணில் விட்ட பால்

கண்ணாடி இல்லாமல் நடமாட வேண்டும் என்று தஞ்சாவூரில் லேசர் செய்துகொண்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தூசிப்பக்கம் போகக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் கணவரும் சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டேன்? வலங்கைமான் சாலையில் எங்கள் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது, வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அவர் தார்ப்பாய் வாங்கப் போன நேரம் பார்த்து ஓடிப்போய் நெல்லைக் கூட்டினேன். பாதுகாப்புக்குக் கொடுத்த கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

ஒரு பஸ் கடந்து போனது. இடது கண்ணில் பதர் விழுந்தது. கை தானாகப் போய்க் கசக்கிவிட்டது.

பிரசவத்துக்கு வந்த என் நாத்தனார், கணவரின் தங்கை, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். கண்ணில் ஏதாவது விழுந்தால் எங்கள் பக்கம் தாய்ப்பால் விடுவார்கள். "ரெண்டு சொட்டு விடுடி" என்றேன்.

"வேணாம் அண்ணி, ஆபரேஷன் பண்ண கண்ணு. டாக்டருக்கு போன் பண்ணுங்க."

"பெரிய டாக்டரு நீ. உங்கண்ணன் வர்றதுக்குள்ள விடு" என்று அதட்டினேன். பயந்துகொண்டேதான் விட்டாள்.

மறுநாள் காலையில் கண் வீங்கி, வெளிச்சம் பட்டாலே உயிர் போனது. ஜன்னல் கம்பி தெரியவில்லை. மூவரும் தஞ்சாவூருக்கு ஓடினோம்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "லேசருக்காகத் திறந்து மூடின கருவிழிப் படலம் மடங்கியிருக்கு. அடியில கிருமி போயிருக்கு. உடனே தூக்கிக் கழுவணும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. கண்ணுல என்ன விட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஊரறிந்த வாய். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான்தான் தாய்ப்பால் விட்டேன்" என்றாள் நாத்தனார், குழந்தையைத் தோளில் போட்டபடி.

"அறிவிருக்கா உனக்கு? அவ கண்ணு போச்சுன்னா நீ தருவியா?" ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கணவர் ஏசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் கேட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நர்ஸ் கூப்பிட்டதும் அதையே சாக்காக வைத்து எழுந்து உள்ளே போனேன்.

கண் பிழைத்தது. நடுவில் தழும்பு நின்றுவிட்டதால் எழுத்து கலங்கித்தான் தெரிகிறது. தங்கையோடு அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போன வாரம் வந்திருந்தாள். பக்கத்தில் வந்து என் கண்ணை உற்றுப் பார்த்து, "இப்ப பரவாயில்லையா அண்ணி?" என்றாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் அண்ணன் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.